எழுவாயைக் காணோம்: ஆஸ்ட்ரோனேசிய மொழிகள் பற்றிச் சில கேள்விகள்

மலேசியாவின் மலாய், பிலிப்பைன்ஸின் தகாலோக், மடகாஸ்கரின் மலகாசி என்று தீவுதீவாகப் பேசப்படும் மொழிகளின் இலக்கணத்துக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, பெயர் ஆஃப்லா என்று போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

கே: அக்கா, ஆஃப்லா என்றால் என்ன? மருந்துக் கம்பெனி பெயர் மாதிரி இருக்கிறதே.

ஆஸ்ட்ரோனேசியன் ஃபார்மல் லிங்குவிஸ்டிக்ஸ் அசோசியேஷன் என்பதன் சுருக்கம். 1994-ல் டொராண்டோவில் முதல் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஊர்: 2004-ல் பெர்லின், 2006-ல் தைவான், 2011-ல் ஹார்வர்டு, 2016-ல் டோக்கியோ. ஆஸ்ட்ரோனேசியம் என்பது மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை பரவிய ஏறக்குறைய 1,200 மொழிகளைக் கொண்ட குடும்பம்.

கே: 'ஃபார்மல்' என்றால் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு போகவேண்டுமா?

செருப்போடு வந்து கட்டுரை வாசித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஃபார்மல் என்பது அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கி வழியில் வந்த ஆய்வுமுறை. இந்த வாக்கியம் சரி, இது தப்பு என்று பேசுகிறவருக்குச் சட்டெனத் தெரிகிறதே, அந்தத் தெரிதலுக்குப் பின்னால் உள்ள விதி என்ன என்று தேடுவது. மொழி வரலாறு, சொல் ஒப்பீடு எல்லாம் வேண்டும் என்றால் 1974-ல் ஹொனலூலுவில் தொடங்கிய பெரிய சர்வதேச மாநாடு இருக்கிறது. 1962-ல் தொடங்கி, இப்போது ஹவாயிலிருந்து வரும் 'ஓஷியானிக் லிங்குவிஸ்டிக்ஸ்' இதழும் இருக்கிறது.

கே: எல்லா மொழிக்கும்தான் இலக்கணம் உண்டு. இவற்றுக்கு மட்டும் ஏன் தனிச் சங்கம்?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்லவேண்டும்.

மலகாசியில் 'மனாசா லாம்பா நி வெஹிவாவி' என்பார்கள். மனாசா துவைப்பது, லாம்பா துணி, நி வெஹிவாவி அந்தப் பெண். 'பெண் துணி துவைக்கிறாள்' என்ற நம் வாக்கியத்தை அப்படியே கண்ணாடியில் காட்டிய மாதிரி இருக்கிறதா? சரி, இப்போது பெயரெச்சத்துக்கு வருவோம். நமக்கு அது தண்ணீர் பட்ட பாடு. துவைத்த பெண், துவைத்த துணி, துவைத்த கல். 'துவைத்த' மாறவே இல்லை. யார் துவைத்தது, எதில் துவைத்தது என்பதை நாமே புரிந்துகொள்கிறோம். மலகாசி அதற்கு ஒத்துக்கொள்ளாது. 'துணி துவைக்கும் பெண்' என்பதற்கு மனாசா போதும். 'பெண் துவைக்கும் துணி' என்று சொல்ல அதே மனாசாவை வைத்தால் வாக்கியம் செல்லாது. வினையை முதலில் 'சாசானா' என்று மாற்றி, துணியை எழுவாய் இடத்துக்குக் கொண்டுவந்தபிறகுதான் முடியும். அதாவது, எழுவாய்க்கு மட்டுமே அந்த அனுமதி. எட்வர்ட் கீனன், பெர்னார்ட் காம்ரி என்ற மொழியியலாளர்கள் 1977-ல் உலக மொழிகளை ஒப்பிட்டு, எந்தெந்தப் பெயருக்கு இப்படி எச்சம் போடலாம் என்று ஒரு படிக்கட்டே கட்டினார்கள். அதன் மேல்படியில் எழுவாய். அந்த மேல்படியோடு நின்றுவிடும் மொழிக்கு மலகாசிதான் பேர்போன உதாரணம்.

தகாலோக் இன்னும் வம்பு. ஒருவர் குழந்தைக்காக மீன் வாங்கினார் என்று வையுங்கள். வாங்குவதற்கு வேர் 'பிலி'. அதன் நடுவில் 'உம்' செருகி 'புமிலி' என்றால் வாங்கியவருக்கு 'அங்' என்ற அடையாளம் கிடைக்கும். 'இன்' செருகி 'பினிலி' என்றால் மீனுக்கு அந்த 'அங்' போய்விடும். 'இபினிலி' என்றால் யாருக்காக வாங்கினோமோ அந்தக் குழந்தைக்கு. அங் ஒன்றுதான், வினையின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டு இடம் மாறும். அப்படியானால் எழுவாய் யார்? அங் பெற்றவரா, வாங்கியவரா? எச்சம் போடலாமா என்று சோதித்தால் அங் பெற்றவர் என்று விடை வரும். 'தன்' என்பது போன்ற சொல் யாரைச் சுட்டும் என்று சோதித்தால் செய்தவர் என்று வரும். எழுவாயின் சொத்தை இரண்டு பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. 'அவனுக்குத் தன் வீடு பிடிக்கும்.' 'தன்' அவனைக் காட்டுகிறது, 'பிடிக்கும்' வீட்டோடு போகிறது. பள்ளியில் எழுவாயைக் கோடிட்டுக் காட்டச் சொன்னால் இந்த வாக்கியத்தைக் கேட்கவே மாட்டார்கள்! ஐரோப்பிய மொழிகளைப் பார்த்து வகுத்த 'எழுவாய்' என்ற கருத்து இந்தத் தீவுகளில் வந்து கழன்றுவிடுகிறது. ஆஃப்லாவில் முப்பது வருடமாக ஓயாத சண்டைகளில் இதுவும் ஒன்று. அந்தச் சண்டைக்காகவே சங்கம் வேண்டும் என்பது என் கட்சி.

கே: மலாயில் இவ்வளவு தமிழ்ச் சொல் இருக்கிறதே ஐயா. குமரிக்கண்டத்திலிருந்து போன மொழிதானே அது?

ஐயா இல்லை, அக்கா. அப்புறம், இல்லை. கெடாய் கடை, பெத்தி பெட்டி, மெம்பெலாம் மாம்பழம், கப்பால் கப்பல், மெம்பெலாய் நம் மாப்பிள்ளை. எல்லாம் சரக்கோடு போனவை. சுமத்ராவின் பாரூஸ் பக்கம் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் பொறித்தது. வணிகம் நடந்த இடத்தில் சொல்லும் கைமாறும். உறவு பார்க்க அடிப்படைச் சொற்களுக்குப் போகவேண்டும். கண்ணுக்கு மலாயில் மாத்தா, தகாலோக்கில் மாத்தா, நியூசிலாந்து மாவோரியிலும் மாத்தா. ஐந்து என்றால் மலாயிலும் தகாலோக்கிலும் லீமா, மாவோரியில் ரீமா, மலகாசியில் டிமி. ஹவாயில் லீமா என்றால் கையும்கூட. தமிழ் இந்த வரிசையிலேயே இல்லை. வருத்தப்பட ஒன்றுமில்லை, ரம்புத்தான் என்ற சொல்லை நாமும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். மலாயில் ரம்புத் என்றால் முடி.

கே: ஆனால் அவர்களுக்கும் நாம், நாங்கள் வேறுபாடு இருக்கிறதே?

இருக்கிறது. மலாயில் கீத்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். தகாலோக்கில் தாயோ, காமி. இது ரத்த உறவு அல்ல, தற்செயல் ஒற்றுமை. கேட்பவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் மொழிகள் உலகில் நிறைய உண்டு. பினாங்கில் பள்ளியில் மலாய் படித்தபோது தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் இதில் தடுமாறியதே இல்லை.

கே: தைவானுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அங்கே சீனம்தானே?

சீனம் பின்னால் வந்தது. மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் பிரித்த முறையில் இந்தக் குடும்பத்தின் பத்து முதற்கிளைகளில் ஒன்பது தைவானுக்குள்ளேயே இருக்கின்றன. மலாய் முதல் ஹவாயன் வரை மற்ற எல்லாம் சேர்ந்து மீதி ஒரே கிளை. ஆல மரத்தின் அடிமரம் அங்கே, விழுதுகள் கடல் முழுக்க.

கே: எம்.ஏ. மொழியியல் படிக்கிறேன், கோலாலம்பூரில். ஆஃப்லாவில் கட்டுரை வாசிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய கூட்டங்களின் கட்டுரைத் தொகுதிகள் பல இலவசமாகவே கிடைக்கும், நாலைந்து படியுங்கள். புரியாத குறியீடுகளைத் தாண்டி, எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் முதலில் பாருங்கள். அப்புறம் ஒரு மொழி, அதில் ஒரே ஒரு வாக்கிய அமைப்பு. மலாயில் 'யாங்' போட்டு எச்சம் அமைப்பதையே எடுக்கலாம். உங்கள் வகுப்புத் தோழியிடம் இருபது வாக்கியம் சொல்லி எது காதுக்கு ஒட்டவில்லை என்று கேளுங்கள். அவர் 'இப்படிச் சொல்லலாம்தான், ஆனால்...' என்று இழுத்தால் அந்த வாக்கியத்தை மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள்.