மலேசியாவில் முன்னாள் ராணுவ வீரர்களின் தியாகத்தை மக்கள் உண்மையிலேயே மதிக்கிறார்களா? சாதாரண ஆள் என்ன செய்யலாம்?

மதிக்கிறோம், ஆனால் தேதி பார்த்து மதிக்கிறோம்.

ஜூலை 31 ஹரி பஹ்லவான், அதாவது வீரர் தினம். கம்யூனிஸ்டுகளை எதிர்த்து 1948-இல் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்ததால் அந்த நாள். அன்றைக்கு அணிவகுப்பு உண்டு, மௌன அஞ்சலி உண்டு, டிவியில் காட்டுவார்கள். முன்பு கோலாலம்பூர் துகு நெகாராவில், அதாவது வீரர் சிலைகள் நிற்கும் தேசிய நினைவுச் சின்னத்தில்தான் நடக்கும். சிலைக்கு முன்னால் இப்படி மரியாதை செலுத்தலாமா என்று மார்க்க ரீதியாகக் கேள்வி எழுந்தபிறகு இடம் மாறிவிட்டது. விழாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் ஆகஸ்ட் 1, அப்புறம் ஊரெல்லாம் சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டக் கிளம்பிவிடும்.

எனக்கு இதில் ஏன் அக்கறை என்றால், அம்மாவின் அண்ணன் ரெஞ்சர் படையில் இருந்தவர். மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்களை மட்டும்தான் எடுப்பார்கள். நம் ஆட்கள், சீனர்கள், சரவாக்கிலிருந்து வந்த ஈபான் பழங்குடியினர் எல்லாரும் காலாட்படையில் கலந்திருந்தது ரெஞ்சரில்தான். எழுபதுகளின் கடைசியில், பேராக் மாநிலத்தில் கிரிக் பக்கத்துக் காட்டில், மண்ணுக்குள் மறைத்து வைத்திருந்த பொறிவெடியை மிதித்து, மாமாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பட்டாளத்தில் அதை ‘ஜெரங்காப் சமார்’ என்பார்கள். அப்படிக் கால் இழந்தவர்கள் நிறையப் பேர்.

"அவசரகாலம்தான் 1960-லேயே முடிந்துவிட்டதே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கம்யூனிஸ்டுகள் 1968-இல் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள். 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை, இருபது வருடத்துக்கு மேல் தாய்லாந்து எல்லைக் காடுகளில் சண்டை நடந்தது. பள்ளிப் புத்தகத்தில் முதல் சண்டைக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை இருக்கிறதே, அது ராணுவக் காவலில் போட்ட ரோடு. 1982-இல் திறந்த பிறகும் ராத்திரியில் மூடிவைத்திருந்தார்கள். இன்றைக்கு முறுக்கு டப்பாவோடு கோத்தா பாரு கிளம்புகிறோம். மாமா கூட வந்தால், எந்த வளைவுக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் நல்ல மீன் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். சண்டையைப் பற்றிப் பேச்சே வராது.

கால் இல்லாமல் வாழ்வது என்பது தினமும் காலையில் நடக்கிற ஒரு வேலை. குளித்ததும் முழங்காலுக்குக் கீழே ஈரம் போகத் துடைத்து, பவுடர் போட்டு, தடித்த காலுறையை மடிப்பு விழாமல் இழுத்து மாட்டி, அதற்கு மேல் செயற்கைக் கால், அப்புறம் வார். மடிப்பு ஒன்று இருந்தாலும் மத்தியானத்துக்குள் புண். உடம்பு கொஞ்சம் இளைத்தாலும் கால் லூசாகிவிடும், மறுபடி அளவு எடுக்கப் போகவேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனால் நாங்கள் 272 படி ஏறுவோம், மாமா கீழே உட்கார்ந்து எல்லார் செருப்புக்கும் காவல் இருப்பார். "இதுவும் சென்ட்ரி டூட்டிதான்" என்று சிரிப்பார்.

இவ்வளவுக்கும் மாமா கொடுத்து வைத்தவர் என்றுதான் சொல்வேன். ஊனத்துக்கான பென்சன் வருகிறது. அவருடைய கூட்டாளி ஒருவர் பன்னிரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அம்மா படுக்கையில் விழுந்ததால் வெளியே வந்தவர். சாதாரண சிப்பாய்க்குப் பென்சன் வேண்டுமென்றால் 21 வருடம் முடிக்கவேண்டும். இருபதில் வந்தாலும் கிடையாது. ராணுவ சேமநிதியில் சேர்ந்த பணத்தை மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்துச் சம்பளத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? தங்கச்சி கல்யாணத்தோடு கரைந்தது. இப்போது எழுபதை நெருங்கும் வயதில் ஒரு கொண்டோவில் ஜாகா, அதாவது காவலாளி.

ஒருநாள் மாமாவை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசல் தடுப்புக் கம்பத்தைத் தூக்கக் கொஞ்சம் தாமதமானது என்று ஒரு பையன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இவர் "சாரி போஸ்" என்று சொல்லிவிட்டு, வந்துபோகிறவர்களைப் பதியும் நோட்டில் வண்டி நம்பரை நிதானமாக எழுதினார். சப்பாத்து மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு, அந்தப் பழக்கம் போகவில்லை. திரும்பும் வழியில் மாமா சொன்னார்: "காட்டில் இவன் முழிச்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

என் கோபம் அந்தப் பையன்மேல் இல்லை, அவனுக்கு யார் சொன்னார்கள்? நம் வீடுகளிலேயே சொல்வதில்லையே. பட்டாளம் மலாய்க்காரர்கள் வேலை என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். அரச மலேசியக் கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதி கே. தனபாலசிங்கம், ஒரு தமிழர். 1967-இல் பொறுப்பேற்றபோது வயது 31. என் டியூசன் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நேதாஜியின் படையில் நம் தோட்டத்து ஆண்களும் ஜான்சி ராணிப் படையில் பெண்களும் சேர்ந்த கதை மட்டும் ஓரளவு தெரிகிறது. அவர்கள் வேறொரு நாட்டின் விடுதலைக்குப் போனவர்கள், ஹரி பஹ்லவான் கணக்கில் வரமாட்டார்கள். அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இந்த நாட்டுச் சீருடை போட்டவர்களையும் சேர்த்து மறந்ததற்கு என்ன சாக்கு?

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். பேஸ்புக்கில் சல்யூட் படம் போடுவதைவிட, ஒரு பழைய வீரருக்கு விண்ணப்ப பாரம் நிரப்பிக் கொடுங்கள். முன்னாள் படைவீரர் விவகாரத் துறை, அதாவது ஜேஎச்இவி, மூலமாக மருத்துவ உதவி, செயற்கை உறுப்பு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று சில திட்டங்கள் இருக்கின்றன. பென்சன் இல்லாதவர்களும் அங்கே பதிந்துகொள்ளலாம். பிரச்சினை என்னவென்றால் பல பெரியவர்கள் பதிந்ததே இல்லை. பழைய சர்வீஸ் புத்தகம் வீடு மாறும்போது தொலைந்திருக்கும், ஆன்லைன் என்றாலே பயம், வீரர் இறந்துவிட்டால் மனைவிக்கு எங்கே போவதென்றே தெரியாது. அந்தக் கூட்டாளிக்கு என் தம்பி ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பேப்பரெல்லாம் ஸ்கேன் செய்து கொடுத்தான். அரைநாள் வேலை. படைவீரர் எண் மனப்பாடமாக இருந்ததால் சர்வீஸ் விவரம் தேடுவது சுலபமாக இருந்தது. தன் போன் நம்பர் தெரியாது, அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அப்புறம், கேளுங்கள். உங்கள் தாமான் (குடியிருப்பு) ஜாகா, கோயிலில் வரிசையை ஒழுங்குபடுத்தும் பெரியவர், யாராவது ஒருவர் பட்டாளத்துக்காரராக இருப்பார். "அங்கிள், எந்தப் படை?" என்றால் போதும். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். முதல் பத்து நிமிடம் காட்டில் சாப்பிட்ட டின் சார்டினையும் பல்லை உடைக்கும் பிஸ்கட்டையும் திட்டித் தீர்ப்பார்கள். திட்டட்டும், அதற்குப் பிறகுதான் விசயத்துக்கு வருவார்கள்.