ஏணிக்கு என்ன பலன்?

கேள்வி: 25 ஆண்டுகளாகக் கணக்கு கற்பித்து வருகிறேன். ஆசிரியர் ஓர் ஏணி என்பார்கள். ஏறிப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை. மனநிறைவு ஒன்றே இந்தப் பணியின் பலன் என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதானா?
(ஓர் ஆசிரியை)

பதில்: உங்கள் கேள்வியில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் மற்றதற்கு வர முடியும். பணி ஓய்வுப் பாராட்டுக் கூட்டங்களில் ஆசிரியரை மேடையில் உட்காரவைத்து, அவர் முகத்துக்கு நேரே ஏணி என்றும் தோணி என்றும் மெழுகுவத்தி என்றும் அழைப்பதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இந்தப் பகுதியில் ஒருமுறை மெழுகுவத்தியைக் கண்டித்து எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி என்னை நன்றி கெட்டவன் என்றன. மீதி, அதற்குப் பதிலாக ஊதுவத்தியைப் பரிந்துரைத்தன.

ஏணியை நினைத்துப் பாருங்கள். அதன்மேல் பிறர் கால் வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஒரு மூலையில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். ஏறுகிறவன் தவறான கூரையில் ஏறினாலும் அது தடுப்பதில்லை; அவனுடைய எடையைத் தவிர அவனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. படி ஒன்று உடைந்தால்தான் அதைப் பற்றிப் பேச்சே எழும். (இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் உவமைக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.)

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவருக்கும் உவமை ஆசை இருந்தது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என நான்கைச் சொன்னார். ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு: கழற்காய் போட்டு வைத்த குடம், பழம் தானாக விழுந்தாலன்றித் தராத மடற்பனை, பஞ்சு அடைத்த குண்டிகை (வாய் குறுகிய சிறு கலம்), நீர் ஊற்றி வளர்த்தவனை விட்டுவிட்டு அடுத்தவன் நிலத்தில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை. எட்டில் ஒன்றுகூட ஏணி இல்லை.

ஏன் இல்லை என்பது அவர் போட்ட ஒரு கணக்கில் விளங்குகிறது. கணக்காசிரியையான உங்களுக்கு அது பிடிக்கும். ஆசிரியர் சொன்னதைப் பழுதின்றி உள்வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தாம் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். கணக்கின்படி, வகுப்பறையில் மிகப் பெரிய பங்கைப் பெறுகிறவர் கரும்பலகைப் பக்கம் நிற்கிறவர். எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்று ஒரு பிள்ளை அடித்துச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு நான்கைவிடப் பெரியது என்று நீங்கள் முன்பு சொல்லிக்கொடுத்ததை முழுமையாக நம்பியதால்தான் அந்தப் பிள்ளை தவறுகிறது என்பதைக் கண்டுகொள்ளும் அறிவு, பின்னத்தைப் பல பேருக்குப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தவருக்கே வாய்க்கும். இப்படி எதையாவது தெரிந்துகொண்ட ஏணியை நான் பார்த்ததில்லை.

மனநிறைவு என்ற சொல்லை ஆசிரியர் சொன்னால் நம்புகிறேன். ஊதியம் தர வேண்டியவர் சொன்னால் சந்தேகப்படுகிறேன். புறநானூற்றின் 183ஆம் பாட்டில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஆசிரியருக்கு இடர் வந்தவிடத்து உதவியும், மிகுந்த பொருள் கொடுத்தும், பணிந்து நிற்பதை வெறுக்காமலும் கற்பது நல்லது என்கிறான். வரிசையைக் கவனியுங்கள்: பொருள் இரண்டாவது, பணிவு மூன்றாவது. அரசனுக்குத் தெரிந்த இந்த வரிசையைப் பிற்பாடு யாரோ மாற்றிவிட்டார்கள். இப்போது வணக்கம் முதலில் வந்துவிடுகிறது, பொருள் எப்போது வரும் என்று கேட்டால் தொண்டு மனப்பான்மை இல்லை என்கிறார்கள்.

திரும்பிப் பார்க்காதவர்களுக்கு வருகிறேன். 1957இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு, செய்தி கேட்டதும் தாய்க்கு அடுத்தபடியாகத் தம் தொடக்கப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனை நினைத்ததாக அவருக்கே எழுதினார். 1924இல் அந்தப் பள்ளியை விட்டுச் சென்றவர் அவர். வகுப்பறைக்கும் கடிதத்துக்கும் இடையில் 33 ஆண்டுகள். ஆசிரியர் நாள் பேச்சாளர்கள் இந்தக் கடிதத்தை விடுவதே இல்லை. எனக்கோ அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளைப் பற்றித்தான் யோசனை. அவர்கள் எழுதினார்களா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஜெர்மேன் அவர்களுக்கும்தான் பாடம் நடத்தினார். உங்களிடம் பின்னம் கற்ற ஒருவர் இன்று எங்கோ ஒரு பங்கைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கும்போது உங்கள் நினைவு அவருக்கு வரவில்லை என்றால், அதில் எனக்கு வருத்தம் தோன்றவில்லை. நடக்கத் தெரிந்தவர் நடை பழக்கியவரை அடிக்கு அடி நினைப்பதில்லை.

உங்கள் பணி ஓய்வு விழாவில் யாராவது ஏணி என்று தொடங்கினால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தோணி என்று தொடங்கினால் எனக்கு எழுதுங்கள். அதற்குத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.