உழவர் கேள்வி - பதில்: ஃப்ளோரைடு தண்ணீர் பாயும் வயல்

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தக்காளி, கீரை எல்லாம் இதில்தான். மண் கெட்டுவிடுமா? விளைச்சலில் ஏறுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு வருஷம் 16 லட்சம் லிட்டர் பாய்ச்சினால் சுமார் 4.5 கிலோ ஃப்ளோரைடு இறங்கும். மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்கு எடை ஏறக்குறைய 8.5 லட்சம் கிலோ. ஆக, கிலோ மண்ணுக்கு 5 மில்லிகிராம் சொச்சம். மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட் போட்டால் அதிலிருந்தும் 2 கிலோ வரை சேரும். ஆனால் சாதாரண மண்ணிலேயே கிலோவுக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். அதனால் 'மொத்த ஃப்ளோரின்' பரிசோதனை வீண் செலவு. நீரில் கரையும் அளவைக் கேளுங்கள்.

அந்தக் கரையும் அளவைத் தீர்மானிப்பது மண்ணின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச்.தான். 5.5 முதல் 6.5 வரை களியும் இரும்பு, அலுமினிய ஆக்சைடும் ஃப்ளோரைடை இறுகப் பிடித்துவைக்கும். 8.5 தாண்டினால் பிடி தளர்ந்து மண்நீருக்கு வந்துவிடும். சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் கால்சியம் சுக்காங்கல்லாகப் படிந்துவிடுவதால், ஃப்ளோரைடைக் கட்டிப்போடவும் ஆள் இருக்காது. அதே தண்ணீர் செம்மண்ணில் ஒரு மாதிரி, சோடியம் ஏறிக் களர் தட்டிய மூலையில் வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான். அந்த மூலை மண்ணை மற்றதோடு கலக்காதீர்கள். தனி மாதிரியாக எடுங்கள். 10 இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி, கலந்து, கால்பங்கு முறையில் (நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கி) அரை கிலோவாகக் குறையுங்கள். தண்ணீர் மாதிரிக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி வேண்டாம்.

களர் உறுதியானால், சோடியத்தை வெளியேற்றக் கால்சியம் தரும் ஜிப்சம் போடுங்கள். அளவை மண் பரிசோதனையில் வரும் ஜிப்சத் தேவைப்படிதான் போட வேண்டும், பக்கத்துக் காட்டுக்காரர் போட்டதைப் பார்த்து அல்ல. போட்டபின் தண்ணீர் கட்டி வடித்துவிடுங்கள். வடிகால் இல்லாவிட்டால் கரைந்த சோடியம் அங்கேயே நிற்கும். ஜிப்சம் காசுதான் போகும்.

வேர் வழியே ஏறுவது குறைவு. தக்காளிப் பழத்தைவிடக் கீரை இலையில் அதிகம். கீரைக்குத் தெளிப்புநீர் வேண்டாம். இலைமேலேயே காய்ந்து படியும். உடம்புக்கு இதையெல்லாம்விடக் குடிதண்ணீர்தான் பெரிய வழி. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடலுக்குத் தூரமான ஊர் என்பதால் மண்ணில் அயோடின் குறைவாம். அயோடின் உப்பைக் கரைத்து ஊற்றலாமா?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: வேண்டாம். கிலோ உப்பில் அயோடின் 15 முதல் 30 மில்லிகிராம் வரைதான். மீதியெல்லாம் சோடியமும் குளோரைடும். இருக்கிற அயோடினையும் மண்ணில் உள்ள மக்கிய பொருள் பிடித்துவைத்துக்கொள்வதால் பயிர் எடுப்பது சொற்பமே. அந்த உப்பு சாம்பாரில் இருக்கட்டும்.