மஞ்சள் தேயிலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: சீனத்தெருக் கடையில் 'மஞ்சள் தேயிலை' என்று ஒரு பொட்டலம் வாங்கினோம். இலை பச்சையாகத்தான் இருக்கிறது. போட்டுக் குடித்தால் டீக்கடை மேசையில் பிளாஸ்கில் வைக்கிற வெறும் தேநீர் போலவே இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா? (வாசகி, யாங்கோன்)

பதில்: உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பச்சைத் தேயிலைதான். கடைக்காரருக்கே அது தெரியாமல் இருக்கலாம். பறித்த கொழுந்தைச் சூடான வாணலியில் வாட்டும் வரை இரண்டுக்கும் வேலை ஒன்றே. பச்சைத் தேயிலையை அடுத்து உலர்த்தி முடித்துவிடுவார்கள். மஞ்சள் தேயிலையையோ சூடும் ஈரமும் போவதற்குள் தாளிலோ துணியிலோ பொதிந்து மூடிவைப்பார்கள். சீனத்தில் இதற்கு 'மென் ஹுவாங்' என்று பெயர். ஹூனானின் துங்திங் ஏரித் தீவில் விளையும் ஜுன்ஷான் யின்ஜெனை இப்படி இரண்டு முறை பொதிவார்கள்; இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அந்த வெம்மையில் இலையின் பச்சையம் சிதைகிறது, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு குறைகிறது. ஈரம் மிஞ்சினால் புளிப்பு வாடை ஏறிவிடும். பொதிவை முன்னதாகப் பிரித்தால் பச்சை வாசம் போகாது. உழைப்பும் கவனமும் இவ்வளவு கேட்பதால் பலர் இந்தக் கட்டத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். நல்ல மஞ்சள் தேயிலை அரிதாகிப்போனதற்கு இது முக்கியக் காரணம்.

காய்ந்த இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஊறிய இலையை வெள்ளைக் கிண்ணத்தில் பரப்புங்கள். பளிச்சென்று பச்சையாக இருந்தால் அது பச்சைத் தேயிலை. மஞ்சள் சாயல் எங்கும் ஒரே சீராக ஓட வேண்டும். ஆனால் பழசாகிப்போன பச்சைத் தேயிலையும் மஞ்சளிக்கும். அதில் பழைய வைக்கோல் வாசம் வரும், சுவை சப்பென்று இருக்கும். பெயர்களிலும் கவனம் தேவை. 'ஹுவாங்' என்றால் சீனத்தில் மஞ்சள்; ஆனால் அந்தச் சொல் பெயரில் இருப்பதெல்லாம் மஞ்சள் தேயிலை அல்ல. ஹுவாங்ஷான் மாவ்ஃபெங் பச்சைத் தேயிலை. ஹுவாங்ஜின்யா செடியிலேயே மஞ்சளாகத் துளிர்க்கும் ரகம். அதையும் பெரும்பாலும் பச்சைத் தேயிலையாகத்தான் செய்கிறார்கள். சிச்சுவானின் மெங்திங் ஹுவாங்யா, ஆன்ஹுயியின் ஹுவோஷான் ஹுவாங்யா என்று ஊர்ப்பெயரோடு கேட்டு வாங்குங்கள். அதன் பிறகும் ஊறிய இலையைப் பார்த்தே நம்புங்கள்.

கேள்வி: பொதிந்து வைப்பது என்றால் நம் லப்பெ (புளிக்கவைத்த பர்மியத் தேயிலை) மாதிரிதானா? (வாசகர், மந்தலே)

பதில்: இல்லை. லப்பெயில் வேகவைத்த இலையைக் காற்றுப் புகாமல் அழுத்தி மாதக்கணக்கில் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கின்றன. இங்கே வேலை செய்வது வெம்மையும் ஈரமும்தான். நல்ல மஞ்சள் தேநீரில் புளிப்பு இருக்கவே கூடாது.

கேள்வி: மெங்திங் ஹுவாங்யா பரிசாக வந்தது. எப்படிப் போட்டாலும் கசக்கிறது. வீட்டில் வெப்பமானி இல்லை. சுவையில் எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, மோல்மேன்)

பதில்: கசப்புக்குக் காரணம் கொதிநீரும் நீண்ட ஊறலும். இது முழுக்க முழுக்கக் கொழுந்து. 80 முதல் 85 டிகிரி போதும். தண்ணீர் கொதித்ததும் ஒரு பீங்கான் கூசாவில் ஊற்றுங்கள், ஒரு நிமிடம் கழித்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஏறத்தாழ அந்தச் சூட்டுக்கு வந்திருக்கும். 150 மில்லி கண்ணாடித் தம்ளருக்கு 3 கிராம் இலை. கொழுந்து தடித்து இடத்தை அடைப்பதால் கரண்டிக் கணக்கு ஏமாற்றும். சிறு தராசில் நிறுங்கள். முதலில் கால் தம்ளர் நீர் விட்டு இலை நனையட்டும், பிறகு நிரப்புங்கள். மூன்று நிமிடத்தில் குடிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மறுபடி நீர் விட்டால் இரண்டாவது, மூன்றாவது சுற்றும் நன்றாக வரும். கிணற்று நீர் உப்புக் கரித்தால் இந்தத் தேநீர் மங்கிப்போகும். குடிநீர் போத்தலையே பயன்படுத்துங்கள்.

சுவைக்குமுன் வெற்றிலை, பூண்டு, லப்பெ எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு பட்ட நாக்குக்கு இவ்வளவு மென்மையான தேநீர் எட்டாது. வாயை வெறும் நீரில் கொப்பளித்து அரைமணி நேரம் விடுங்கள். பிறகு சிறு வாயாகக் காற்றோடு சேர்த்து உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிடுங்கள். புல் வாசம் தூக்கலாக இருக்கக் கூடாது. வேகவைத்த சோளமோ வறுத்த கொட்டையோ போன்ற இனிய மணம், வாயில் வழவழப்பான உணர்வு, விழுங்கியபின் தொண்டையில் மெல்லத் திரும்பும் இனிப்பு இவற்றைத் தேடுங்கள். பொதிவு சரியாக நடந்ததற்கு எங்களைக் கேட்டால் அந்த வழவழப்பே சாட்சி. கொழுந்துகள் தம்ளரில் நிமிர்ந்து நின்று ஏறி இறங்குவது ஜுன்ஷான் யின்ஜெனின் புகழ்பெற்ற காட்சி. அதைத் தரத்துக்கு அத்தாட்சியாக எடுக்காதீர்கள்; முழுக் கொழுந்துத் தேயிலைகள் பலவும் அப்படி நிற்கும்.

இரண்டு பொட்டலங்களை ஒப்பிட வேண்டுமானால் மட்டும் கொதிநீர் பயன்படுத்துங்கள். சீனத் தேர்வாளர்கள் 150 மில்லிக்கு 3 கிராம் போட்டு 5 நிமிடம் ஊறவிடுகிறார்கள். குறை எதுவும் அதில் மறையாது. குடித்து மகிழ்வதற்கான முறை அல்ல அது.

கேள்வி: ஹுவோஷான் 'ஹுவாங் தா ச்சா' காம்பும் முற்றிய இலையுமாக இருக்கிறது, அடிப்பிடித்த சோறு போல் மணக்கிறது. கெட்டுவிட்டதா? (வாசகர், தௌங்ஜி)

பதில்: கெடவில்லை. அது மஞ்சள் தேயிலையில் பெரிய இலை வகை. கடைசியில் கடுந்தீயில் வாட்டுவதால் அந்த மணம். இதற்குக் கொதிநீர்தான் வேண்டும். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், ஆகவே ஆறவிடாமல் ஊற்றுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தோடு குடிக்க நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். விலையும் கொழுந்து வகையைவிடக் குறைவு.

கேள்வி: கட்டிப்பால் சேர்க்கலாமா? (வாசகர், தட்டோன்)

பதில்: வேண்டாம். பாலின் புரதமும் இனிப்பும் சேர்ந்தால் இதன் மணம் துளியும் மிஞ்சாது. கட்டிப்பாலுக்கு நல்ல கறுப்புத் தேயிலை இருக்கிறது.

கேள்வி: மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது? (வாசகி, பகோ)

பதில்: ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறு தகரடப்பாவில் வெளியே வைத்து, மீதியைக் காற்றுப் புகாத அலுமினியத் தாள் பைகளில் 20, 25 கிராமாகப் பிரித்து ஒட்டிவிடுங்கள். மசாலா, ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது), கருவாடு இருக்கும் அலமாரி ஆகாது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். குளிர்பெட்டியில் வைத்தால், எடுத்த பை அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது. குளிர்ந்த இலையில் காற்றின் ஈரம் படிந்தால் பூஞ்சை வர நாளாகாது. பிரித்த பையை மறுபடி குளிர்பெட்டிக்குள் வைக்காமல் குடித்து முடித்துவிடுங்கள்.