சிவப்புப் படிவத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா? டபிள்யூ-2 கேள்வி-பதில்

கேள்வி: டாலஸ் பக்கத்தில் மளிகைக் கடை நடத்துகிறேன். சம்பளத்துக்கு ஏழு பேர். இத்தனை வருடம் டபிள்யூ-2 (ஊழியரின் வருடச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம்) வேலையைக் கணக்காளர் பார்த்துக்கொண்டார், இந்த முறை நானே செய்துவிடலாம் என்று ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். சிவப்பு மையில் அச்சடித்த படிவங்கள், சாஃப்ட்வேரோடு ஒரு பாக்கெட், இல்லாமல் ஒரு பாக்கெட், ஜன்னல் வைத்த கவர் தனி. எதை வாங்குவது? ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் படிவம் சும்மா கிடைக்கிறதே, அதைக் கலரில் பிரிண்ட் எடுத்தால் ஆகாதா? துப்புரவுக்கு வருபவர், டெலிவரிப் பையன், ஏசி பழுது பார்ப்பவர் என்று மூன்று பேருக்கு 1099 (ஊழியர் அல்லாதவருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் படிவம்) கொடுக்க வேண்டியதும் இருக்கிறது.

பதில்: பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் முக்கியமான வரி. முன்பு 250 படிவங்களைத் தொட்டால்தான் கட்டாயம் இணையவழியில் அனுப்ப வேண்டும். 2024 தொடக்கத்திலிருந்து அந்த எண்ணிக்கை வெறும் 10. டபிள்யூ-2, 1099 எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். உங்களுக்கு ஏழும் மூன்றும் பத்து. அதாவது காகிதத்தில் அனுப்பும் வழியே உங்களுக்கு இல்லை, அந்தச் சிவப்புப் படிவத்தை வாங்கி என்ன செய்வீர்கள்?

பத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காப்பி ஏ என்கிற, அரசுக்குப் போகும் சிவப்பு மைப் பிரதி, இயந்திரம் ஸ்கேன் செய்வதற்கென்றே அச்சிடப்படுவது. தளத்தில் இருக்கும் சிவப்புப் படம் பார்ப்பதற்கு மட்டும்தான், அதைப் பிரிண்ட் எடுத்து அனுப்பினால் அபராதம் வரலாம். அசல் வேண்டுமென்றால் ஐஆர்எஸ்ஸிடம் ஆர்டர் செய்தால் தபாலில் இலவசமாகவே அனுப்புகிறார்கள், என்ன, டிசம்பரிலேயே கேட்டுவிட வேண்டும். கடையில் வாங்குவதாக இருந்தால் வருடத்தைப் பாருங்கள், போன வருடத்து மிச்ச பாக்கெட் தள்ளுபடியில் கிடக்கும், வாங்கினால் மளிகைச் சீட்டு எழுதத்தான் ஆகும். இன்னொன்று, காகிதத்தில் அனுப்புபவர்கள் டபிள்யூ-3 என்ற முகப்புத் தாளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். போய்ச் சேரும் இடம் ஐஆர்எஸ் இல்லை, ஓய்வூதியத்தைப் பார்க்கும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம். இதைப் பலர் மாற்றி அனுப்பிவிட்டு முழிக்கிறார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தின் பிசினஸ் சர்வீசஸ் ஆன்லைன் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 50 டபிள்யூ-2 வரை அங்கேயே தட்டச்சு செய்து அனுப்பலாம், பைசா கிடையாது. ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய பிரதிகளையும் அதுவே பிடிஎஃப்பாகத் தரும், சாதாரண வெள்ளைத் தாளில் எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். 1099 மட்டும் ஐஆர்எஸ்ஸுக்குப் போக வேண்டும், அதற்கு ஐரிஸ் என்று அவர்களுடைய இலவசத் தளம் இருக்கிறது. ஆனால் அதில் நுழைய ஒரு குறியீட்டு எண் வாங்க வேண்டும், அது வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம் என்பதால் ஜனவரி கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் நடக்காது. ஊழியருக்குக் கொடுக்கவும் அரசுக்கு அனுப்பவும் கெடு ஒன்றுதான், ஜனவரி 31. 2026இல் அது சனிக்கிழமை என்பதால் பிப்ரவரி 2. அந்தக் கெடுவைத் தாண்டினால் ஒவ்வொரு படிவத்துக்கும் 60 டாலர், முப்பது நாளும் தாண்டினால் 130, ஆகஸ்ட் 1க்கும் மேல் போனால் 340. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாததால் அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை. நியூ ஜெர்சிக்காரர்கள் மாநிலத்துக்கும் தனியாக அனுப்ப வேண்டும்.

அப்புறம் அந்த டெலிவரிப் பையன். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், வண்டியும் உங்களுடையது என்றால் அவர் 1099 ஆள் இல்லை, உங்கள் ஊழியர். இதை இப்போதே சரிசெய்துவிடுங்கள், பின்னால் வரி பாக்கியோடு வந்து நிற்கும்.

கேள்வி: என் சம்பளம் 80,000 டாலர். டபிள்யூ-2இல் முதல் கட்டத்தில் 72,000 என்றும் மூன்றாம் கட்டத்தில் 80,000 என்றும் இருக்கிறது. கம்பெனி தப்பு செய்துவிட்டதா?

பதில்: முதல் வருடம் நானும் இதே மாதிரி பார்த்துவிட்டு எச்ஆருக்கு ஒரு காட்டமான மெயிலைத் தட்டினேன். அனுப்புவதற்கு முன் பக்கத்து சீட் நண்பர் எட்டிப் பார்த்து 12ஆம் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார், மெயில் டிராஃப்டிலேயே செத்துப்போனது. உங்களுடையதிலும் அங்கே டி என்ற எழுத்தும் பக்கத்தில் 8,000மும் இருக்கும் பாருங்கள். அது நீங்கள் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் போட்ட பணம். அதற்கு இப்போது வருமான வரி இல்லை, அதனால் முதல் கட்டத்தில் கழிந்துவிடும். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்) வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரியும் அதன் மேலும் உண்டு, அதனால் 3, 5 கட்டங்களில் கழியாது. நான்காம் கட்டத்தில் 80,000க்கு 6.2 சதவீதம், 4,960. ஆறாம் கட்டத்தில் 1.45 சதவீதம், 1,160. இரண்டும் பொருந்தினால் படிவம் சரி. டிடி என்று ஒரு பெரிய தொகை இருந்தாலும் பயப்படாதீர்கள், அது மருத்துவக் காப்பீட்டின் மொத்தச் செலவு, தகவலுக்காகப் போடுவது, வரி கிடையாது.

கேள்வி: அண்ணா, 2023 ஆகஸ்டில் எஃப்-1 மாணவர் விசாவில் மாஸ்டர்ஸ் படிக்க வந்தேன். 2025இல் முழு வருடமும் ஓபிடி-யில் (மாணவர் விசாவிலேயே கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) ஒரு கன்சல்டன்சி வழியாக வேலை, 60,000 டாலர். என் ரூம்மேட்டுக்கு 3 முதல் 6 வரை கட்டங்கள் காலி, எனக்கு நிரம்பியிருக்கிறது. கன்சல்டன்சியில் கேட்டால் எல்லாருக்கும் இப்படித்தான் என்கிறார்கள்.

பதில்: எல்லாருக்கும் இப்படித்தான் இல்லை தம்பி. எஃப்-1இல் வந்தவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் வரிக் கணக்கில் வெளிநாட்டவர்தான், அதுவரை சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டு வரியும் பிடிக்கக் கூடாது. வந்த வருடம் நாலு மாதமே இருந்தாலும் அது ஒரு முழு வருடமாக எண்ணப்படும். உங்களுக்கு 2027 முடியும் வரை. உங்களிடம் பிடித்தது 3,720ம் 870ம், ஆக 4,590 டாலர். சும்மா விடக்கூடிய தொகையா?

முதலில் கன்சல்டன்சிக்கு எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து டபிள்யூ-2சி என்ற திருத்தப் படிவம் தர வேண்டும். அவர்களுக்கும் இதில் லாபம் உண்டு, உங்களுக்காக அதே அளவு தொகையை அவர்களும் கட்டியிருக்கிறார்கள், அதுவும் திரும்ப வரும். இதைச் சொன்னால் சில முதலாளிகளுக்குக் காது திறக்கும். அப்படியும் மசியவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கும் ஐஆர்எஸ்ஸின் படிவம் 843, கூடவே 8316. டபிள்யூ-2, ஐ-20 (கல்லூரி தந்த மாணவர் சான்று), வேலை அட்டை, விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) நகல்களை இணைத்து நீங்களே அனுப்பலாம். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வரும். எச்-1பி வேலை விசா ஆகிவிட்டால் அந்தத் தேதியிலிருந்து இந்த விலக்கு போய்விடும், அக்டோபரில் மாறினால் அந்த வருடப் படிவத்தில் மூன்றாம் கட்டத்தில் மூன்று மாதச் சம்பளம்தான் தெரிய வேண்டும்.

கேள்வி: டபிள்யூ-2 இன்னும் வரவில்லை. டிசம்பர் பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) எடுத்து வாருங்கள், அதை வைத்தே ஜனவரியில் ஃபைல் செய்து ரீஃபண்டை முன்கூட்டியே வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு வரி ஆலோசகர். போகலாமா?

பதில்: வேண்டாம். டபிள்யூ-2 கைக்கு வராமல் வெறும் பே ஸ்டப்பை வைத்து இ-ஃபைல் செய்ய அவர்களுக்கு அனுமதியே கிடையாது. முன்கூட்டி வாங்கித் தருவது என்பது பல இடங்களில் ரீஃபண்டின் மேல் கொடுக்கும் கடன்தான், என்ன கட்டணம் பிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். பிப்ரவரி முடிந்தும் வராவிட்டால், கம்பெனியிடம் கேட்டுவிட்டு ஐஆர்எஸ்ஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் கம்பெனிக்குக் கடிதம் போடுவார்கள். ஏப்ரல் 15 நெருங்கியும் வரவில்லை என்றால் அப்போது 4852 என்ற மாற்றுப் படிவத்தை நிரப்பலாம், பே ஸ்டப் அங்கேதான் உதவும்.

கேள்வி: வீடு மாறியதில் மூன்று வருடத்துக்கு முந்தைய டபிள்யூ-2 தொலைந்துவிட்டது. வீட்டுக் கடனுக்குக் கேட்கிறார்கள். பழைய கம்பெனி நகலுக்கு 25 டாலர் கேட்கிறது. அப்படிப் பணம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஐஆர்எஸ் அதைத் தடை செய்யவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் பழைய சம்பளத் தளத்தில் உங்கள் லாகின் இன்னும் வேலை செய்கிறதா பாருங்கள், பல தளங்களில் வேலையை விட்ட பிறகும் படிவங்கள் அப்படியே கிடக்கும். இல்லையென்றால் ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து வேஜ் அண்ட் இன்கம் டிரான்ஸ்கிரிப்ட் என்ற சம்பள, வருமான விவரத் தாளை இலவசமாக எடுக்கலாம். அதில் மாநில வரி விவரம் இருக்காது. அதுவே போதுமா என்று கடன் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, போதாது என்றால் மட்டும் 25 டாலரைக் கொடுங்கள்.