இன்னும் விழவில்லையே

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. ஆறேழு வருடமாகத் தினமும் குடிக்கிறேன். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, மனைவி இன்னும் கூடவே இருக்கிறாள். காலையில் கை நடுங்கும், கொஞ்சம் போட்டால் நின்றுவிடும். போன மாதம் நண்பர் ஒருவர் ஏ.ஏ. (குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு அழைத்துப் போனார். பேசியவர்கள் எல்லோரும் நடுத்தெருவுக்கு வந்தவர்கள். ஒருவர் சிறைக்கே போயிருக்கிறார். அடிமட்டத்தைத் தொட்டபிறகுதான் மீண்டோம் என்கிறார்கள். என் அண்ணனும் “பட்டால்தான் திருந்துவான், விட்டுவிடு” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டார். நான் அந்த அளவுக்கு இன்னும் விழவில்லை. எனக்கு நேரம் வரவில்லை என்றுதானே அர்த்தம்?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கை நடுங்குவதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தக் கூட்டத்தில் பேசியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அடிமட்டம் எது என்பது மேலே ஏறியபிறகுதான் தெரியும். சிறைக்குப் போனவரை மறுபடி பார்த்தால், அதற்கு முன்னால் எத்தனை முறை “இதோடு போதும்” என்று நினைத்தார் என்று கேளுங்கள். அதில் எதுவும் கடைசியாக இருக்கவில்லை என்பதால்தான் சிறைவரை போயிருக்கிறார். இன்னொன்று, விழுந்து எழாமலே போனவர்கள் எந்தக் கூட்டத்திலும் வந்து பேசுவதில்லை. பிழைத்தவர்களின் கதையை மட்டும் கேட்டால் விழுவதே வைத்தியம் போலத் தோன்றும்.

கீழே இறங்கி, அடியைத் தொட்டு, மேலே ஏறும் அந்த வளைகோட்டுப் படத்தை மீட்பு மையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். அதன் கதை சுவாரசியமானது. 1946இல் ஜெல்லினெக் என்ற ஆய்வாளர், ஏ.ஏ. பத்திரிகை வழியாக வந்த கேள்வித்தாள்களில் 98 ஆண்களின் பதில்களை வைத்துக் குடிநோயின் படிகளை வரிசைப்படுத்தினார். பெண்கள் அனுப்பிய பதில்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1958இல் மேக்ஸ் கிளாட் என்ற மனநல மருத்துவர் மீண்டு வரும் பாதையையும் சேர்த்து அதை வளைகோடாக வரைந்தார். அந்தப் படம் பலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்று அதைக் காட்டி யாரும் சொல்ல முடியாது.

ஏ.ஏ. இயக்கமே அப்படிச் சொல்லவில்லை. 1935இல் தொடங்கியபோது வந்தவர்கள் பெரும்பாலும் எல்லாம் இழந்தவர்கள்தான். 1953இல் அவர்கள் வெளியிட்ட விளக்க நூலிலேயே, உடம்பும் குடும்பமும் வேலையும் கையில் இருக்கும்போதே பலர் வரத் தொடங்கிவிட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அடிமட்டத்தை அவர்கள் இருக்கும் இடத்துக்கே உயர்த்திக் கொடுக்க முடிந்தது என்பதுதான் அதன் சாரம்.

எனக்குத் தெரிந்த ஒருவர். வங்கியில் பணம் எடுக்கப் போயிருக்கிறார், காலை நேரம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. காசாளர் இன்னொரு சீட்டு கொடுத்தார். அதிலும் முதலெழுத்து வளையாமல் கோணிக்கொண்டு போனது. பின்னால் வரிசை. “பதற்றப்படாமல் போடுங்க சார்” என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாராம். அவ்வளவுதான் நடந்தது. வேலை போகவில்லை, வீட்டில் சண்டைகூட இல்லை. மறுநாள் மருத்துவரிடம் போனார். அதைவிடப் பெரிய அவமானங்களை எல்லாம் அவர் சிரித்தே கடந்தவர். அந்தச் சீட்டு மட்டும் ஏன் தைத்தது என்று அவருக்கே தெரியாது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு விழுகையாகவே தெரியாது.

மேலும் விழுந்தால் எழுவது எளிதாகும் என்ற கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை. வேலையும் மனைவியும்தான் இப்போது உங்களைப் பிடித்து வைத்திருப்பவை. அவையும் போனபிறகு எதற்காக நிறுத்துவது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று மேலும் குடித்தவர்களே அதிகம்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. உங்களுக்காக அலுவலகத்துக்குப் போன் செய்து “காய்ச்சல்” என்று சொல்வது, கடனை அடைத்துவிடுவது, இதையெல்லாம் வீட்டில் நிறுத்தலாம். ஆனால் அதற்காகக் கைகழுவ வேண்டியதில்லை. சிகிச்சைக்கு மறுப்பவர்களின் குடும்பங்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. குடிக்காத நேரத்தில் அன்பாக இருப்பது, குடித்த நேரத்தில் விலகிக்கொள்வது, சரியான தருணத்தில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தபோது குடிப்பவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசும் முறையில் 30 சதவீதம். குடிப்பவரை விட்டுவிட்டு உங்களைக் கவனியுங்கள் என்று சொல்லும், குடும்பத்தாருக்கான அல்-அனான் குழுவின் வழியில் 13. (குடிப்பவர் வருவதை அல்-அனான் குறிக்கோளாக வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அப்புறம், சாப்பாட்டில் தெரியாமல் குடியை நிறுத்தும் மாத்திரை கலக்கும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். அப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது கைக்கு வருகிறேன். காலையில் நடுங்கி, குடித்தால் நிற்கிறது என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. இதைப் படித்த வேகத்தில் நாளையே நிறுத்திவிடாதீர்கள். தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் குழப்பமும் இல்லாததெல்லாம் தெரிவதும் தொடங்கலாம். அது உயிரைக் குடிக்கும் நிலை. மருத்துவர் மேற்பார்வையில் சில நாள் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் இருந்தால் இதைப் பாதுகாப்பாகக் கடக்கலாம். பிறகு குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கூட்டத்துக்கும் போங்கள். மாத்திரையா கூட்டமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

மருத்துவர் எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது என்று கேட்பார். மருந்தின் அளவே அந்தப் பதிலைப் பொறுத்தது. மனைவியைக் கூட்டிப்போங்கள், அளவை அவர் சரியாகச் சொல்வார்.