காத்திருந்தவர் யார்?

கேள்வி: அமெரிக்காவில் நீர்மின் உரிமத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறதாம். அதை விரைவுபடுத்தி, அரசு வாங்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கணக்கில் எல்லா நீர்மின்சாரத்தையும் சேர்த்தால் என்ன தவறு? – வாசகர், ஈரோடு

பதில்: ‘காத்திருக்க’ என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-இல் எட்வர்ட்ஸ் அணை எழுந்தது முதல், முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் மீன்கள் அதன் அடியிலேயே தேங்கி நின்றன. அந்த அணை தந்த மின்சாரம் 3.5 மெகாவாட்தான். உரிமம் முடிந்து புதுப்பிக்கக் கேட்டபோதுதான் அணையை எதிர்த்தவர்களின் பேச்சு எடுபட்டது. 1997-இல், உரிமம் வழங்கும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் புதுப்பிக்க மறுத்தது. 1999 ஜூலை 1 அன்று அணை உடைக்கப்பட்டது, ஹெர்ரிங் இன மீன்கள் கூட்டங்கூட்டமாக மேலேறின. காத்திருப்பு 162 ஆண்டுகள்!

உரிமம் ஒருமுறை கொடுத்தால் 30 முதல் 50 ஆண்டுகளுக்குச் செல்லும். மீன் ஏற வழி வை, கோடையில் இவ்வளவு தண்ணீர் விடு என்று மீனவரும் பழங்குடியினரும் அழுத்திக் கேட்க ஒரு தலைமுறைக்கு ஒரு வாய்ப்புதான். கிளமாத் ஆற்றின் அணைகளுக்கான உரிமம் 2006-இல் முடிந்திராவிட்டால், யூரோக், கரூக் பழங்குடி மக்களின் நெடும் போராட்டத்துக்குப் பின் 2024-க்குள் நான்கு அணைகள் அகன்றிருக்குமா? அந்த விசாரணைக் காலத்தை வெட்டுவதைச் சீர்திருத்தம் என்று நான் ஒப்பமாட்டேன்.

வேகம் வேண்டிய இடம் வேறு. அந்நாட்டில் 90,000-க்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றில் மின்சாரம் தருபவை நூற்றுக்கு மூன்றுகூடத் தேறாது. ஏற்கெனவே நிற்கும் அணையில் டர்பைன் பொருத்தக் கேட்பவருக்கு விரைவில் பதில் சொல்வது நியாயம். அதற்கு இரண்டாண்டு நடைமுறையை 2018-ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்துவிட்டது.

கொள்முதலுக்கு வருகிறேன். அரசு அலுவலகங்களின் மின்சாரத்தில் 7.5 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற 2005-ஆம் ஆண்டுச் சட்டம், பழைய நீர்மின் நிலையத்தில் புதிதாகக் கூட்டிய திறனை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால், இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே ஓடும் கிராண்ட் கூலி அணையின் மின்சாரமும் உள்ளே வந்துவிடும். ஒரு யூனிட்கூடக் கூடாமல் இலக்கு நிறைவேறியதாகக் கணக்கு எழுதலாம். இந்தியா 2019 மார்ச்சில் பெரிய நீர்மின் நிலையங்களைப் புதுப்பிக்கத்தக்கவை என அறிவித்தபோது, அவற்றுக்கான கொள்முதல் கட்டாயத்தில் அந்த மார்ச் 8-க்குப் பின் இயங்கத் தொடங்கியவற்றை மட்டுமே சேர்த்தது. அமெரிக்கா தன் சட்டத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால், அப்படி ஒரு தேதியை முதலில் எழுதட்டும்.